சொருகினால் பொருந்தும், ஓடுமா?

"மச்சான், சொருகிட்டேன். ஆனா அது மூச்சே விடல."

போனில் பேசியவர் என் தங்கை கணவர். கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஸ்டூடியோவில் இருப்பது 2014-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி ரேம், கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். அதிலிருந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க் கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று நிரம்பி வழிந்து சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. புது சிஸ்டத்துக்கு வழியில்லை. இரண்டாவதாக ஒரு டிஸ்க் போட்டுச் சமாளிக்கலாம் என்று, டேட்டா சென்டரில் ஓடி ஓய்வு பெற்ற 4 டிபி டிஸ்க் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்துவிட்டார். டேட்டா கேபிள் பொருந்தியது. பவர் கேபிளும் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, புது டிஸ்க் மட்டும் சுழலவில்லை.

"செத்துப்போன டிஸ்க்கைத் தலையில கட்டிட்டாங்களா?"

"அப்படி இல்லாமலும் இருக்கலாம் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை வர்றேன், கேபினெட்டைத் திறந்து வைங்க."

இரண்டாவது டிஸ்க் வாங்கப் போகிற எல்லோரும் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "என் சிஸ்டத்துக்கு இது செட் ஆகுமா?" கடைக்காரரின் பதிலும் ஒன்றுதான்: "சாட்டாதானே, எல்லாத்துக்கும் செட் ஆகும்." அவர் பொய் சொல்லவில்லை. 2003-இல் வந்த சாட்டா இணைப்பின் வாய் இன்றுவரை மாறவில்லை. ஆனால் வாய்க்குள் போகிறதெல்லாம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. வாயின் அளவு கண்ணுக்குத் தெரியும். மின்சாரம், முகவரிக் கணக்கு, தட்டில் எழுதும் முறை, டிஸ்க் ஏற்கெனவே வாழ்ந்த வாழ்க்கை ஆகிய நான்கும் தெரியாது. சிக்கல் வருவது அங்கிருந்துதான்.

யாருக்கு என்ன வேலை?

எந்த டிஸ்க் என்று பார்ப்பதற்கு முன், அதற்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஹார்டு டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. தட்டின் விளிம்பு ஓடும் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தில் ஓடும் பரப்பின் மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் தலை மிதக்கிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவுக்கு வரும். ஓடும் டிஸ்க்கைத் தட்டக்கூடாது, நகர்த்தக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக், உலகின் முதல் ஹார்டு டிஸ்க் கணினி. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தும் அது சுமந்தது 50 லட்சம் எழுத்துகளைத்தான். மாப்பிள்ளையின் கேமரா எடுக்கும் ஒரே ஒரு ரா ஃபைலை வைக்க ஐந்து ராமாக்குகளாவது வேண்டியிருக்கும். அன்றிலிருந்து கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு ஏறிவிட்டது, காத்திருக்கும் நேரம் மட்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. காரணம் எளிது. தலை நகர வேண்டும், தட்டு சுற்ற வேண்டும். 7,200 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2. தலை சரியான வளையத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது. ஆகமொத்தம் 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 75 முறை தேடி எடுத்தால் அதுவே பெரிது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு வரிசையாகப் போகிறவர் நிமிடத்தில் ஒரு பந்தியை முடித்துவிடுவார். அதே ஆளை இந்த மூலையில் ஒரு கரண்டி, அந்த மூலையில் ஒரு கரண்டி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நடப்பதிலேயே பொழுது போய்விடும். பெரிய வீடியோ ஃபைலை வரிசையாகப் படிப்பதில் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை தாராளமாகத் தரும். விண்டோஸ் எழும்போது நடப்பதோ மூலைக்கொரு கரண்டி. சிதறிக் கிடக்கும் 5,000 சிறு துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 13 மில்லிவிநாடி வீதம் 65 விநாடி. நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் ஒரு துண்டுக்கு 0.1 மில்லிவிநாடி போதும். மொத்தம் அரை விநாடி.

ஆகவே பட்ஜெட் டெஸ்க்டாப்புக்கு வேலைப் பிரிவினை தெளிவானது. விண்டோஸும் மென்பொருள்களும் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கட்டும். படம், வீடியோ, பழைய கோப்புகள் பெரிய ஹார்டு டிஸ்க்குக்குப் போகட்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் வாங்கப் போகிற பலருக்கு உண்மையான குறை இடமல்ல, தாமதம். அவர்கள் இரண்டாவதாக வாங்க வேண்டியது எஸ்எஸ்டி. வாங்கியதும் அதை முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கிடங்கு வேலைக்கு அனுப்பிவிடலாம். மாப்பிள்ளைக்கோ இரண்டு குறையும் இருந்தது. நான் கும்பகோணம் போகும்போது பையில் ஒரு எஸ்எஸ்டியும் போனது.

கேபினெட்டுக்குள்

பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். ஃபேனில் பத்து வருடத் தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

முதலில் எண்ண வேண்டியது மதர்போர்டில் உள்ள சாட்டா போர்ட்டுகளை. எச்81 சிப்செட் தருவது நான்கு. அதில் இரண்டு விநாடிக்கு 6 கிகாபிட் வேகம், மற்ற இரண்டு 3 கிகாபிட். பல போர்டுகளில் இரண்டு வகைக்கும் வேறு வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். சாட்டா 2003-இல் 1.5 கிகாபிட்டில் தொடங்கி, அடுத்த ஆண்டே 3 ஆகி, 2009-இல் 6 ஆனது. இந்த இணைப்பில் ஒரு பைட்டை அனுப்ப 8 பிட் அல்ல, 10 பிட் செலவாகிறது. ஆகவே நடைமுறையில் அவை முறையே 150, 300, 600 மெகாபைட். எந்த டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் மாட்டினாலும் இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஒத்துப்போய்விடும். 200 மெகாபைட்டைத் தாண்டாத ஹார்டு டிஸ்க்குக்கு 3 கிகாபிட் போர்ட் போதும். 550 வரை ஓடும் சாட்டா எஸ்எஸ்டிக்கு 6 கிகாபிட் போர்ட். மாப்பிள்ளை பழைய டிஸ்க்கை வேகமான போர்ட்டில் மாட்டியிருந்தார். அதைப் பிடுங்கி மெதுவானதற்கு மாற்றினோம். இதைவிடப் பழைய எச்61 போர்டு என்றால் நான்கு போர்ட்டுமே 3 கிகாபிட்தான். அதற்காக எஸ்எஸ்டி வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். நம்மைப் படுத்துவது ஓட்ட வேகமல்ல, தேடும் நேரம். அது எந்தப் போர்ட்டிலும் குறையும்.

சூயிங்கம் பட்டைபோல் இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் போர்டில் அதற்கான இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் போர்டில் இல்லை. புதிய போர்டுகளில் இருக்கும். ஆனால் அதே வடிவத்தில் சாட்டா மொழி பேசும் பட்டையும் உண்டு, என்விஎம்இ மொழி பேசும் பட்டையும் உண்டு. சில போர்டுகளில் எம்.2-வில் பட்டையை மாட்டியதும் சாட்டா போர்ட் ஒன்று அணைந்துவிடும். இவையெல்லாம் போர்டின் கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால், போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணைப் படம் எடுத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

அலுவலகங்களில் பயன்படுத்திப் பிறகு விற்கப்படும் சிறிய பிராண்டட் டெஸ்க்டாப்புகளை வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலவற்றில் டிஸ்க்குக்கான பவர் ஒயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வராது, மதர்போர்டிலிருந்து வரும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு இடமும் ஒன்றுதான். மூடியைத் திறந்து பார்க்காமல் டிஸ்க் வாங்குவது, வாசலை அளக்காமல் கட்டில் வாங்குவது மாதிரி.

3.5 அங்குலம் என்ற பெயரை நம்பி ஸ்கேலை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த டிஸ்க்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர், சரியாக 4 அங்குலம். 3.5 அங்குல ஃபிளாப்பி டிரைவுக்கு விட்ட இடத்தில் உட்காருவதால் வந்த பெயர் அது. 2.5 அங்குல எஸ்எஸ்டியின் அகலம் 70 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய கேபினெட்டில் அதை உட்கார வைக்க ஒரு தகட்டுப் பட்டை வேண்டும். அது கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. நகரும் பாகம் இல்லாததால் இருபக்க டேப்பில் ஒட்டினாலும் ஓடும். ஹார்டு டிஸ்க்கை அப்படி விடக்கூடாது, அதிரும். ஸ்குரூவும் வேறு வேறு. ஹார்டு டிஸ்க்குக்கு மரை அகலமான தடித்த ஸ்குரூ, எஸ்எஸ்டிக்கு மெல்லிய 3 மில்லிமீட்டர் ஸ்குரூ. மாற்றி முறுக்கினால் மரை கெடும்.

ஓய்வு பெற்ற சர்வர் டிஸ்க் வாங்குவோருக்கு இன்னொரு பொறி உண்டு. சர்வர்களில் சாஸ் என்ற வேறொரு வகை டிஸ்க்கும் ஓடுகிறது. பார்க்க அச்சு அசல் சாட்டா மாதிரியே இருக்கும். டிஸ்க்கின் டேட்டா வாய்க்கும் பவர் வாய்க்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் சாட்டா. அந்த இடம் அடைபட்டிருந்தால் சாஸ், நம் வீட்டுப் போர்டில் ஏறாது. மாப்பிள்ளை வாங்கியதில் வெற்றிடம் இருந்தது. அப்படியானால் ஏன் சுழலவில்லை?

மூன்றாவது முள்

சாட்டா பவர் இணைப்பில் 15 தொடுமுனைகள் இருக்கின்றன. 3.3, 5, 12 வோல்ட் என்று மூன்று வகை மின்சாரம் அதன் வழியே போகிறது. மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட், சர்க்யூட்டை ஓட்டுவது 5 வோல்ட். நின்றிருக்கும் தட்டுகளை முழு வேகத்துக்குக் கொண்டுவரும் முதல் சில விநாடிகளில் 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை, அதாவது 24 வாட் இழுக்கும். சுழல ஆரம்பித்துவிட்டால் 6, 8 வாட்டில் அடங்கிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பட்ஜெட் சிஸ்டம் மொத்தமாகவே 150 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால், எஸ்எம்பிஎஸ் ஓரளவு நல்லதாக இருந்தால் இன்னொரு டிஸ்க்கைத் தாங்கும்.

தாங்காமல் போவது பெரும்பாலும் இடையில் மாட்டும் பிரிப்பான் ஒயர். ஒரு தொடுமுனை 1.5 ஆம்பியர் தாங்கும். 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், ஆக 4.5 ஆம்பியர். ஒரு சாட்டா ஒயரை இரண்டாகப் பிரித்து இரண்டு டிஸ்க் ஓட்டினால் தொடக்கத்தில் 4 ஆம்பியர், கணக்கு சரி. மூன்றாகப் பிரித்தால் 6, கணக்கு இடிக்கும்.

மாப்பிள்ளையின் டிஸ்க்கில் பிரச்சினை இதுவும் அல்ல. 3.3 வோல்ட் முதல் மூன்று முனைகளின் வழியே வருகிறது. ஆனால் மேசைக் கணினி டிஸ்க்குகளில் ஏறத்தாழ எதுவுமே அதைப் பயன்படுத்தவில்லை. சும்மா கிடக்கும் முனைக்கு வேலை கொடுக்கலாம் என்று 2016-இல் வந்த சாட்டா 3.3 விதித்தொகுப்பு முடிவு செய்தது. மூன்றாவது முனையில் மின்சாரம் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று புது அர்த்தம் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் ஓடும் டேட்டா சென்டரில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், ஆள் போய்ப் பிடுங்கி மாட்டாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைத்துப் போட இந்த ஏற்பாடு.

2014-இல் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தச் செய்தி எப்படித் தெரியும்? அது பழைய வழக்கப்படி மூன்றாவது முனைக்கு 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. புதிய டிஸ்க் அதை "தூங்கு" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு, கட்டளை நீங்கும்வரை தூங்குகிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒரே சொல்லுக்கு இருவரும் வேறு வேறு பொருள் வைத்திருக்கிறார்கள். வெளிப்பெட்டியில் போட்டால் ஓடும் டிஸ்க் சில சமயம் கேபினெட்டுக்குள் ஓடாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

வைத்தியம் எளிது. செல்போன் சர்வீஸ் கடைகளில் சூடு தாங்கும் மஞ்சள் நிற காப்டன் டேப் இருக்கும். அதில் நூலளவு நறுக்கி, டிஸ்க்கின் பவர் வாயில் டேட்டா வாய்ப் பக்கத்திலிருந்து எண்ணி முதல் மூன்று முனைகளை மூடினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது முயற்சியில்தான் நேராக ஒட்டியது. பவர் ஒயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும் அடிவயிற்றிலிருந்து எழும்புகிற மாதிரி ஒரு உறுமல், பிறகு கிர்ரென்று சீரான ஓட்டம். "உசிரு வந்துருச்சு மச்சான்!" என்று மாப்பிள்ளை துள்ளியதில் டீ கிளாஸ் கவிழப் பார்த்தது.

பழைய நான்கு துளை மோலெக்ஸ் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயரை மாட்டினாலும் இதே பலன் கிடைக்கும். மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் சாட்டா முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ஒயர்களை வாங்க வேண்டாம். உள்ளே கம்பிகள் நெருங்கித் தொட்டு, உருகிக் கருகியவை பல உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனி பள்ளத்தில் அழுத்திப் பிடித்திருப்பது வெளியே தெரிகிற வகை நல்லது.

429 கோடி கதவு எண்கள்

டிஸ்க் சுழன்றுவிட்டது. விண்டோஸைத் திறந்தால் மை கம்ப்யூட்டரில் அதைக் காணோம். இது பழுதல்ல. இன்னும் பாகம் பிரிக்காத மனைக்குக் கதவு எண் இருக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதிக்குப் போனால், டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டு இரண்டு வழிகளைக் காட்டும்: எம்பிஆர், ஜிபிடி. (சாட்ஜிபிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

எம்பிஆர் 1980-களின் ஐபிஎம் பிசி காலத்து முறை. டிஸ்க்கை 512 பைட் கொண்ட சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 32 பிட்டில் ஓர் எண் கொடுக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதை 512-ஆல் பெருக்கினால் 2.2 டிபி. 4 டிபி டிஸ்க்கில் இருப்பதோ ஏறக்குறைய 781 கோடி அறைகள். எம்பிஆரைத் தேர்ந்தெடுத்தால் 429 கோடிக்கு மேலுள்ள அறைகளுக்கு எண்ணே கிடைக்காது. டிஸ்க்கில் கிட்டத்தட்டப் பாதி பூட்டியே கிடக்கும். ஜிபிடி முறையில் எண்ணுக்கு 64 பிட். நம் ஆயுளில் தீராது.

2 டிபிக்கு மேல் என்றால் யோசிக்காமல் ஜிபிடி. கோப்பு வைக்கும் டிஸ்க்குக்கு விண்டோஸ் 7 முதல் எல்லாமே ஜிபிடியை ஏற்கும். ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழ வேண்டும் என்றால்தான் போர்டு பழைய பயாஸ் இல்லாமல் யுஇஎஃப்ஐ வகையாக இருக்க வேண்டும். எச்81 காலத்துப் போர்டுகளில் அது பெரும்பாலும் உண்டு.

பாகம் பிரித்து முடிந்ததும் மாப்பிள்ளை அடுத்த குண்டைப் போட்டார். "4 டிபின்னு குடுத்தாங்க, 3.63-ன்னு காட்டுதே, மிச்சம் எங்க?" எங்கும் போகவில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. ஒரே நிலத்தை ஒருவர் ஏக்கரிலும் மற்றவர் காணியிலும் சொல்கிற கதை இது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 500 ஜிபி டிஸ்க் 465 என்றும் காட்டுவதும் இதே கணக்கில்தான்.

ஓர் எச்சரிக்கை. இனிஷியலைஸ், ஃபார்மட் என்று எதை அழுத்தினாலும் முதலில் டிஸ்க்கின் அளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே படங்கள் உள்ள பழைய டிஸ்க்கைக் காட்டி அதே கேள்வி வந்தால், அதன் பாகப்பட்டியல் படிக்க முடியாமல் போயிருக்கிறது என்று பொருள். அங்கே "ஓகே" அழுத்துவது மீட்கும் வேலையைக் கடினமாக்கிவிடும்.

ஓடு வேய்ந்த தட்டு

மாப்பிள்ளையிடம் கேட்காத ஒரு கேள்வியைப் புது டிஸ்க் வாங்குவோர் கட்டாயம் கேட்க வேண்டும்: இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா?

வழக்கமான சிஎம்ஆர் முறையில் தட்டின் வளையங்கள் பாத்தி கட்டிய வயல்போல் தனித்தனியாக இருக்கும். எழுதும் தலைக்கு அகலமான வளையம் தேவை; படிக்கும் தலைக்கோ குறுகலானது போதும். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி, கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு வளையத்தின் ஓரத்தின் மேல் அடுத்ததை ஏற்றி எழுதுவது எஸ்எம்ஆர். அதே தட்டில் அதிக இடம், அதே விலையில் அதிக டிபி.

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். நடுவில் ஒரே ஒரு ஓடு உடைந்தாலும் மாற்ற, மேலே ஏறியிருக்கும் ஓடுகளையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கிலும் நடுவில் ஒரு சிறு திருத்தம் செய்ய ஒரு பட்டை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். முதலில் ஓரமாக ஒதுக்கிய சிஎம்ஆர் பகுதியில் எழுதிச் சமாளிக்கும். அது நிரம்பியதும் வேகம் தரைதட்டும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் இந்த முறையில்தான் எழுதுகின்றன என்பதை ஒப்புக்கொண்டது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற வரிசை அது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் வெளியிட ஆரம்பித்தன.

எஸ்எம்ஆர் மோசடிப் பொருள் அல்ல. ஒருமுறை எழுதி, பலமுறை பார்த்து, திருத்தாமல் வைக்கும் கல்யாண ஆல்பத்துக்கு அது போதும். விண்டோஸை ஓட்டவோ, தினமும் வீடியோ எடிட் செய்யவோ வேண்டாம். அதே நேரம், மலிவான எஸ்எஸ்டியும் இந்தக் கதைக்கு விலக்கல்ல. ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி வகை 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். 4 பிட் வைக்கும் க்யூஎல்சி 16 நிலைகளை. நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். தினசரி வேலைக்கு டிஎல்சி நல்லது.

டிஸ்க்கின் ஜாதகம்

டிஸ்க்குகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே குறித்து வைக்கின்றன. ஸ்மார்ட் என்ற அந்தக் குறிப்பைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் படித்துக் காட்டும். பார்க்க வேண்டியவை சிலதான். ஓடிய மணி நேரம் முதலில். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுத்த அறைகள், சி5 படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் அறைகள், சி6 திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருப்பது நல்லது. சி7 ஏறினால் டிஸ்க்கைத் திட்ட வேண்டாம், கேபிளை மாற்றுங்கள்.

கூகுளின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயின. ஜாதகத்தில் கெட்டது இருந்தால் நம்பலாம். நல்லதாக இருக்கிறது என்பதற்காகத் தைரியமாக இருந்துவிட முடியாது. அந்த ஜாதகத்தையே திருத்துவோரும் உண்டு. ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, பயன்படுத்திய டிஸ்க்குகளைப் புதியவை என்று விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது.

மாப்பிள்ளையின் 4 டிபி 41,000 மணி நேரம் ஓடியிருந்தது. இடைவிடாமல் நான்கு வருடம் எட்டு மாதம். அதில் ஸ்விட்ச் போட்டது 38 முறைதான். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். கிழவர் திடமாகத்தான் இருந்தார். அடுத்து, ஒப்பிடலாமே என்று அவருடைய பழைய 500 ஜிபியைத் திறந்தேன். 19,000 மணி நேரம், 4,200 முறை ஸ்விட்ச். சி5-இல் 8.

"அது எட்டுதானே மச்சான்?"

"எட்டு இருக்கக் கூடாது மாப்பிள்ளை."

புது டிஸ்க் சந்தேகத்துக்குரியது, பழையது நம்பகமானது என்று நினைத்துத்தான் இருவரும் உட்கார்ந்தோம். நிலைமை தலைகீழாக இருந்தது. எஸ்எஸ்டி வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கல்யாணங்களை 4 டிபிக்கு நகர்த்தினோம். மூன்று இடங்களில் டிஸ்க் கடகடவென்று திணறி, பிறகு படித்துக் கொடுத்தது. ஒரு காதுகுத்தின் நான்கு படங்கள் மட்டும் வரவில்லை.

பிறகு 4 டிபியின் கேபிளையும் பழைய டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து விண்டோஸ் போட்டோம். இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கும்போது போட்டால், எழுப்பும் கோப்புகளை விண்டோஸ் சில சமயம் இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிடும். நாளைக்கு அதைக் கழற்றினால் கம்ப்யூட்டரே எழாது.

பீரோவில் ஒரு பிரதி

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் எஸ்எஸ்டி ஓடியது, கிடங்காக 4 டிபி ஓடியது. மாப்பிள்ளைக்கு நிம்மதி. "இனி ரெண்டு டிஸ்க் இருக்கு, பயமில்லை" என்றார். அங்கேதான் கடைசிச் சிக்கல். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்று, சுவர் பிளக் ஒன்று, கடைப் பூட்டு ஒன்று. ஐப்பசி மழையில் ஓர் இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டாவது டிஸ்க் தருவது இடம், பாதுகாப்பு அல்ல.

கோப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் கணினிப் பொறியாளர் அல்ல, பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். படம் தொலைந்தால் திரும்ப எடுக்க முடியாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தானே தெரியும். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க் ஒன்றை வாங்கினார். அதை மாதம் ஒருமுறை நிரப்பி, ஸ்டூடியோவில் வைக்காமல், தஞ்சாவூரில் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

மாமியார் என்றால் எங்கள் அம்மா. ஊரார் கல்யாணமெல்லாம் இப்போது அவருடைய பீரோவில், முகூர்த்தப் பட்டுக்கு அடியில், ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கிறது. டிஸ்க்குக்கு ஈரம் ஆகாது என்று நான் சொன்னதிலிருந்து அந்தத் தட்டில் மட்டும் அம்மா ஈரத்துணி வைத்துத் துடைப்பதில்லை.